கடத்தல் என்றால் வாயைக் கட்டித் தூக்கிப் போவது என்றுதான் நினைத்திருந்தேன்

தோழிகள் நான்கு பேர் சனி, ஞாயிறு இரண்டு நாள் வெளியூர் போய்வந்தோம். பல மாதமாகத் தள்ளிப்போய்க்கொண்டே இருந்த பயணம். மலையடிவாரத்தில் ஒதுக்குப்புறமாக ஒரு விடுதி. இடத்தையோ பெயரையோ சொல்லப் போவதில்லை. அங்கே வேலை பார்த்தவர்களுக்கு அது நல்லதில்லை.

அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். காலை 6 மணிக்கு வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தவள், இரவு 11 மணிக்கும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "எந்த ஊரும்மா?" என்று கேட்டேன். வாயைத் திறக்கும் முன் கணக்கு மேசைப் பக்கம் திரும்பினாள். அங்கே உட்கார்ந்திருந்தவர்தான் பதில் சொன்னார். பாவம், கூச்ச சுபாவம் போல என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன்.

மறுநாள் அவள் தனியாக வந்தபோது பேச்சுக் கொடுத்தோம். வந்து எட்டு மாதம் ஆகிறதாம். அத்தை முறையாகும் ஒருவர், இவள் வீட்டில் முன்பணம் கொடுத்துக் கூட்டிவந்தாராம். அடையாள அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று வாங்கிக்கொண்டார்கள். சம்பளம் கைக்கு வருவதில்லை, கடனில் கழிகிறது. சாப்பாடு, படுக்கிற இடம், ஒருமுறை காய்ச்சலுக்கு வாங்கிக்கொடுத்த மாத்திரை என்று எல்லாம் அதே கடனில் ஏறவும் செய்கிறது. இப்போது எவ்வளவு பாக்கி என்று கேட்டோம். "வந்தப்ப இருந்ததை விட ஜாஸ்திக்கா" என்றாள். மழை வருமா என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள்.

எங்களில் ஒருத்தி தொழிலாளர் வழக்குகள் பார்க்கும் வக்கீல். அவள் முகம் மாறிவிட்டது. வெளியே நடந்தபோது, "இது கொத்தடிமை. ஆள் கடத்தலாகவும் இருக்கலாம்" என்றாள். நான் விடவில்லை. யாரும் இவளைத் தூக்கி வரவில்லையே, அம்மாவே பஸ் ஏற்றிவிட்டிருக்கிறார், இவளும் சம்மதித்துத்தானே வந்தாள் என்று வாதாடினேன்.

கடத்தல் என்ற சொல்லே என் கண்ணைக் கட்டியிருந்தது. வேன், கயிறு, நடுராத்திரி இப்படித்தான் மனதில் படம் ஓடும். ஆள் கடத்தலைத் தடுக்க ஐ.நா. 2000ஆம் ஆண்டு கொண்டுவந்த உடன்படிக்கையான பலெர்மோ நெறிமுறை அப்படிச் சொல்லவில்லை என்று தோழி விளக்கினாள். ஆளைச் சேர்ப்பதும் கூட்டிப்போவதும் தங்கவைப்பதும்கூட அதில் வரும். மிரட்டியோ ஏமாற்றியோ, ஒருவரின் கையறு நிலையைப் பயன்படுத்தியோ அதைச் செய்திருக்க வேண்டும். சுரண்டுவது நோக்கமாக இருக்க வேண்டும். எல்லை தாண்ட வேண்டியதே இல்லை. அப்படி வாங்கிய சம்மதம் கணக்கில் வராது. 18 வயதுக்குக் கீழே என்றால், மிரட்டினார்களா ஏமாற்றினார்களா என்றுகூட நிரூபிக்கத் தேவையில்லை. மனித வணிகம் என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. அதைச் சொல்லிப் பழகியிருந்தால் எனக்கு முதல் நாளே உறைத்திருக்கும்.

கட்டாய உழைப்புக்கு சர்வதேச தொழிலாளர் அமைப்பு 11 அடையாளங்கள் சொல்கிறது. ஆவணங்களைப் பிடித்து வைப்பது, சம்பளத்தை நிறுத்துவது, கடனில் கட்டிப்போடுவது, தனிமைப்படுத்துவது, ஓய்வில்லாத வேலை நேரம் என்று தோழி விரல் விட்டு எண்ண, ஒரு கை முடிந்துவிட்டது.

உடனே காரில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம் என்றேன். இல்லையென்றால் கடனை நாமே பங்கு போட்டு அடைத்துவிடலாம். தோழி இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. பணத்தைக் கட்டினால் அதே இடத்துக்கு இன்னொருத்தி வருவாள். கூட்டிப்போனால் ஊரில் இருக்கும் அவள் தம்பியை மிரட்டுவார்கள். எல்லாவற்றுக்கும் மேல், அவளைக் கேட்காமல் முடிவெடுக்க நாம் யார்? சரி, அவளையே கேட்டோம். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "என் அட்டை கிடைக்குமாக்கா?" என்றாள்.

கணக்கு மேசையில் சண்டை போடாமல், சிரித்துக்கொண்டே பணம் கட்டிவிட்டுக் கிளம்பினோம். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. வெகுதூரம் வந்த பிறகுதான் உதவி எண்ணுக்கு அழைத்தோம். எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எத்தனை மணி நேரம், இரவில் அவர்கள் அறை வெளிப்பக்கம் பூட்டியிருந்தது, அவள் என்ன வார்த்தையில் சொன்னாள் என்று கண்டதையும் கேட்டதையும் மட்டும் சொன்னோம். ஊகம் எதையும் சேர்க்க வேண்டாம் என்று தோழி முன்பே சொல்லியிருந்தாள்.

இது போல யாருக்காவது நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

*

என் சித்தி மகன் கதையும் சம்மதித்துப் போனதுதான். வெளிநாட்டில் கணினியில் தட்டச்சு வேலை என்று கூடப் படித்தவனே சொல்லியிருக்கிறான். சுற்றுலா விசாவில் போனான். இறங்கியதும் பாஸ்போர்ட் போய்விட்டது. மதில் சுவருக்குள் உட்காரவைத்து, முன்பின் தெரியாதவர்களிடம் ஆன்லைனில் காதல் பேசிப் பணம் கறக்கச் சொல்லியிருக்கிறார்கள். இலக்கை எட்டாத நாளில் அடி. இப்படி மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் சிக்கியிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்ட்டில் சொன்னபோதுதான், இவன் ஒருத்தன் இல்லை என்று எங்களுக்குப் புரிந்தது.

அவன் திரும்பி வந்த பிறகு நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. "நீயும் ஊரை ஏமாத்தினவன்தானே" என்று சொந்தக்காரர்களே முகத்துக்கு நேரே கேட்டார்கள். அன்றிலிருந்து அவன் அங்கே நடந்ததைப் பற்றி வாயே திறப்பதில்லை.

*

அக்கா, அந்தப் பொண்ணு என்ன ஆனாங்க? அதைச் சொல்லாம விட்டுட்டீங்களே.

*

மூன்று வாரம் கழித்து ஓர் அதிகாரி தோழியை அழைத்தார். அங்கிருந்து மூன்று பேரைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றியிருப்பதாகச் சொன்னார். அவள் அதில் உண்டா என்று கேட்டோம். பெயர்களைச் சொல்ல முடியாது என்றார். சொல்லாததுதான் சரி. ஆனாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சித்தி மகனைப் பற்றி எழுதியவருக்கு: அந்தத் தம்பியிடம் யாராவது ஒருவர், "உன் மேல தப்பில்லை" என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். அவன் பதில் பேசாவிட்டாலும் பரவாயில்லை.

அந்தப் பயணத்தில் நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து எடுத்த படம் ஒன்று இருக்கிறது. பின்னால் கையில் வாளியோடு அவள் நிற்கிறாள். எடுத்தபோது நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. தோழிகள் கேட்டும் நான் அதை யாருக்கும் அனுப்பவில்லை.