‘என்னைப் பற்றி’ கட்டுரை: மாணவர் தன்னைத் தானே பார்க்க வைப்பது எப்படி?

சிவப்புமை:
ஒன்பதாம் வகுப்பு, 38 பேர், வாரத்துக்கு ஒரு பாடவேளை (45 நிமிடம்). தன்வரலாறு எழுதச் சொன்னால் எல்லாத் தாளும் ‘நான் பிறந்தது’ என்று தொடங்கி ‘இனி நன்றாகப் படிப்பேன்’ என்று முடிகிறது. இதை எப்படி மாற்றுவது? மதிப்பெண் போடுவது எப்படி?

ஓரக்குறிப்பு:
தலைப்புதான் கோளாறு. முழு வாழ்க்கையையும் கேட்டால் பயோடேட்டாதான் வரும். பத்து நிமிடத்துக்குள் நடந்து முடிந்த ஒன்றைக் கேளுங்கள்: ‘கேட்க நினைத்துக் கேட்காமல் விட்ட கேள்வி’, ‘ஒருவரைப் பற்றிய எண்ணம் மாறிய தருணம்’.

முதல் வாரம் 5 நிமிடம் இப்படிப்பட்ட தருணங்களைப் பட்டியலிடட்டும். அதில் ஒன்றை எடுத்து 12 நிமிடம் பேனாவை நிறுத்தாமல் எழுத வேண்டும். பிழை திருத்தம் கிடையாது. தாளை நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் திருப்பிக் கொடுத்து, ஓரத்தில் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதச் சொல்லுங்கள். அன்று எனக்கு எது தெரியாது? அங்கே இருந்த இன்னொருவர் இதை எப்படிச் சொல்வார்? எதைச் சொல்லாமல் விட்டேன்? அதன் பிறகுதான் இரண்டாம் வரைவு. அந்த ஒரு வார இடைவெளியைச் சுருக்காதீர்கள். சூடு ஆறாமல் தன் எழுத்தை யாராலும் வெளியே நின்று படிக்க முடியாது. கடைசி வரியில் தீர்மானம் எழுதத் தடை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், பாதி நோய் தீரும்.

நான்குகட்டம்:
அமெரிக்கக் கல்வியியலாளர் வில்லியம் பைனார் 1975இல் முன்வைத்த ‘கர்ரேரே’ முறை இதற்குப் பொருந்தும் (பாடத்திட்டத்தைக் குறிக்கும் கரிகுலம் என்ற சொல்லுக்கு வேரான லத்தீன் வினை, ‘ஓடுதல்’ என்று பொருள்). கற்ற அனுபவத்தில் பின்னோக்கிப் போவது, வரப்போவதைக் கற்பனை செய்வது, இரண்டையும் வைத்து இன்றைய நிலையைப் பகுப்பது, பிறகு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது. வகுப்பறையில் முதல் கட்டத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். மிஞ்சுவது பழைய நினைவு மட்டும். ‘கணக்கு எனக்கு எப்போது பயமானது?’ போன்ற கேள்வி நான்கு கட்டத்துக்கும் தாங்கும், வீட்டு ரகசியத்தையும் தோண்டாது.

மடித்ததாள்:
வாழ்க்கைக்கு மதிப்பெண் போடாதீர்கள், திருத்தி எழுதியதற்குப் போடுங்கள். 10க்கு: நுணுக்க விவரம் 3, இரு வரைவுகளுக்கும் இடையிலான மாற்றம் 4, மொழி 3. சோகத்துக்குக் கூடுதல் மதிப்பெண் என்று மாணவர்கள் மோப்பம் பிடித்துவிட்டால் அடுத்த முறை சோகம் உற்பத்தியாகும்.

ஆசிரியர் படிக்க வேண்டாத பக்கத்தை மடித்துத் தரலாம் என்று சொல்லி, அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். ஆனால் முழு ரகசியம் காப்பதாக வாக்குத் தராதீர்கள். படித்த பக்கத்தில் பிள்ளைக்கு ஆபத்து தெரிந்தால் பொறுப்பானவரிடம் சொல்லியே ஆக வேண்டும். அதை முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்.

‘மிகப் பெரிய துயரம்’ தலைப்பே வேண்டாம். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரின் 1986 ஆய்வில் கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து 4 நாள், நாளுக்கு 15 நிமிடம் துயரத்தைப் பற்றி எழுதினார்கள். எழுதி முடித்த கையோடு மனம் முன்பைவிடச் சோர்ந்துதான் இருந்தது. அடுத்த மணி அடித்ததும் அந்தப் பிள்ளை வேறு பாடத்தில் உட்கார வேண்டும்.

சிவப்புமை:
நன்றி. ‘எனக்கு ஒன்றும் நடக்கவில்லையே’ என்பவருக்கு?

ஓரக்குறிப்பு:
பையில் இருக்கும் ஒரு பொருளை எடுக்கச் சொல்லுங்கள். அது எப்படி வந்தது, யார் தந்தது, ஏன் இன்னும் தூக்கி எறியவில்லை. மூன்றாவது கேள்வியில் பேனா ஓட ஆரம்பிக்கும்.