கேம்பர் வேன்: பெட்ரோல் ஈகோவா, டீசல் டிராவலரா? (செங்கோட்டை – கேரளா மலைப்பாதைக்கு)

புளியரைக்காரன்:
அண்ணாச்சிமாரே, பழைய வண்டி ஒண்ணு வாங்கி, படுக்கை, அடுப்பு, தண்ணித் தொட்டி வச்சு கேம்பரா மாத்தணும். நாலு பேர். மாசம் ஒரு தடவை ஆரியங்காவு, தென்மலை. வருஷத்துல ரெண்டு மூணு தடவை குமுளி, மூணாறு. மத்த நாள் செங்கோட்டை–தென்காசி கடைவேலை, பத்து கிலோமீட்டருக்குள்ள. பெட்ரோல் மாருதி ஈகோ, சிஎன்ஜி ஈகோ, பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் ஃபோர்ஸ் டிராவலர் மூணும் விலைக்கு இருக்கு. எதை எடுக்கலாம்?

கோட்டைவாசல்:
தம்பி, முதல்ல எடையைப் போடுங்க. ஆர்சியில வெத்து வண்டி எடை, மொத்த எடை ரெண்டும் இருக்கும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்க ஏத்தக்கூடியது.

நாலு பேர் 260 கிலோ. தண்ணி 50 லிட்டர்னா 50 கிலோ. எட்டுக்கு நாலு 18 மி.மீ. பிளைவுட் ஒரு ஷீட்டே 30 கிலோவுக்கு மேல; மூணு ஷீட்டுக்கு 100 வச்சுக்குங்க. 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி 50. மெத்தை, பாத்திரம், அடுப்பு 60. மொத்தம் 520. ஈகோ அங்கேயே திணறும். அதோட டார்க் (வண்டியை இழுக்கிற முறுக்கு விசை) 104 என்எம்தான், அதுவும் 3000 ஆர்பிஎம்முல (இன்ஜின் நிமிஷத்துக்கு 3000 சுத்து சுத்தும்போது). எஸ் வளைவுல லாரிக்குப் பின்னால நின்னு கிளம்பும்போது பாதி கிளட்ச்லயே ஏத்த வேண்டிவரும், பிளேட் கருகிடும். டிராவலரோட 2.6 லிட்டர் இன்ஜின் 1400 ஆர்பிஎம்முலயே 350 என்எம் தருது.

நாலு பேர் படுக்கணும்னா டிராவலர்தான். ரெண்டு பேர்னா ஈகோ போதும், பிளைவுட்டைக் குறைச்சு அலுமினியச் சட்டம் போடுங்க.

இன்ஜெக்டர் மேஸ்திரி:
எடைக் கணக்கு சரி. ஆனா பிஎஸ்-6 டீசலை தினம் கடைவேலைக்கு ஓட்டினா கெட்டுப்போகும். டிபிஎஃப்ல (புகையில வர்ற கரியைப் பிடிக்கிற வடிகட்டி) சேர்ற கரி எரிய சுமார் 600 டிகிரி சூடு வேணும்; குட்டி ஓட்டத்துல அது வராது. கரியை எரிக்க இன்ஜின் கூடுதலா டீசல் தெளிக்கும். பாதியில ஆஃப் பண்ணிப் பண்ணி ஓட்டினா, எரியாத டீசல், இன்ஜின் ஆயில் நிக்கிற சம்ப்புல இறங்கும். டிப்ஸ்டிக்ல ஆயில் மட்டம் குறையாம ஏறினா அதுதான் அடையாளம். மேல் கோட்டைத் தாண்டிட்டா ஓட்டாதீங்க, ஆயிலை மாத்துங்க.

வாரம் ஒரு தடவை திருநெல்வேலி ரோட்டுல அரைமணி நேரம் நிக்காம ஓட்டுங்க. கடைக்கு ஸ்கூட்டர் போதும்.

வாங்கும்போது டெயில் பைப்புக்குள்ள விரலை விட்டுப் பாருங்க. டிபிஎஃப் ஒழுங்கா இருந்தா விரல்ல கரி ஒட்டாது. அப்பிக்கிட்டு வந்தா உள்ள இருக்கிறதை எடுத்துட்டு விக்கிறாங்கன்னு அர்த்தம். அந்த வண்டி வேண்டவே வேண்டாம்.

புளியரைக்காரன்:
அப்போ சிஎன்ஜி? இறக்கத்துல டீசல் வண்டியை இன்ஜினே பிடிச்சுக்கும்னு சொல்றாங்களே?

போடிமெட்டு17:
சிஎன்ஜியை விட்டுருங்க. டார்க் 95 என்எம்தான், சிலிண்டர் படுக்கைக்கு அடியில இருக்கிற இடத்தைத் தின்னுடும், 3 வருஷத்துக்கு ஒரு தடவை ஹைட்ரோ டெஸ்ட் (சிலிண்டரைத் தண்ணி அழுத்தத்துல சோதிக்கிறது) வேற.

இறக்கத்துக்கு அந்தப் பேச்சை நம்பாதீங்க. பெட்ரோல் வண்டியில ஆக்சிலேட்டரை விட்டா த்ராட்டில் (இன்ஜினுக்குக் காத்து போற வழியில இருக்கிற கதவு) மூடி, இன்ஜின் காத்து கிடைக்காம இழுத்துப் பிடிக்கும். டீசல்ல அப்படி மூடாது. எக்ஸாஸ்ட் பிரேக் (புகை போற வழியை அடைச்சு வேகத்தைக் குறைக்கிறது) இல்லேன்னா பிடி குறைவு. போடிமெட்டு 17 கொண்டை ஊசியிலயும் ஏறின கியருக்கு மேல போடாதீங்க, நிறைஞ்ச வண்டின்னா அதுக்கும் ஒரு கியர் கீழ.

பிரேக் ஆயில் டாட்-4, 2 வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். புதுசுல 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினா 155-லயே கொதிச்சுடலாம். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினா ஓரம் கட்டி ஆறவிடுங்க. சக்கரத்துல தண்ணி ஊத்தாதீங்க, டிஸ்க் கோணிடும்.

கோட்டைவாசல்:
எந்த வண்டி எடுத்தாலும் இன்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு, ஏசி போட்டுத் தூங்காதீங்க. 2024 டிசம்பர்ல கேரளா வடகரையில கேரவனுக்குள்ள ரெண்டு பேர் செத்தது ஜெனரேட்டர் புகையோட கார்பன் மோனாக்சைடாலதான். அதுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. படுக்கைக்குப் பக்கத்துல ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டுங்க, மேல ஒரு காத்துத் துவாரம் விடுங்க. அடுப்பை வெளிய வச்சே சமைங்க.

அப்புறம், சீட்டைக் கழட்டுறதுக்கு முந்தி மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சியில ஏத்திடுங்க. இல்லேன்னா செக்போஸ்ட்லயும் மாட்டுவீங்க, இன்சூரன்ஸ் கேக்கிறப்பவும் மாட்டுவீங்க.