ஆகஸ்ட் சைக்கிள் பயணத்துக்கு முன் ஆல்ப்ஸில் மூன்று நாள்: எந்தக் கணவாய்?

வடக்குமிதி
வணக்கம். இருப்பது முனிச்சில். ஆகஸ்டில் நானும் நண்பரும் ஆல்ப்ஸைக் கடக்கும் பழைய ரோமானியச் சாலையான வியா கிளவுடியா அவுகுஸ்தா வழியாக, ஜெர்மனியின் ஃபியூசனிலிருந்து இத்தாலியின் வெரோனா வரை சைக்கிளில் போகிறோம். கூடாரம், சமையல் சாமான் எல்லாம் வண்டியிலேயே. மலையில் ஓட்டிப் பழக்கமில்லை என்பதால் ஜூன் நடுவில் மூன்று நாள் ஒதுக்கியிருக்கிறோம். மூட்டை இல்லாமல் இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் ஏறிப் பார்ப்பதா, இல்லை, போகப்போகும் வழியிலேயே ஆஸ்திரியாவின் லான்டெக்கிலிருந்து இத்தாலியின் மெரான் வரை மூட்டையோடு ஓட்டிப் பார்ப்பதா?

கணவாய்க்காரன்
சந்தேகமே வேண்டாம், ஸ்டெல்வியோ. அடிவாரத்து ஊரான ப்ராட்டோவிலிருந்து 48 கொண்டை ஊசி வளைவுகள், 24 கிலோமீட்டர் சொச்சத்தில் 1,800 மீட்டர் ஏற்றம், உச்சி 2,757 மீட்டர். உங்கள் வழியில் வரும் ரெஷன் கணவாய் 1,500 மீட்டரைத்தான் தொடுகிறது. வளைவுகளில் எண் பொறித்திருப்பார்கள். அடிவாரத்தில் 48, உச்சியில் 1. மரங்கள் முடிந்து ஓர்ட்லர் பனிமலை எதிரே தெரிகிற இடத்தில் கால் கெஞ்சும், ஆனால் எண் குறைந்துகொண்டே வரும். அதைத் தாண்டிவிட்டால் ஆகஸ்டில் எந்த மேடும் பயம் காட்டாது.

சுமைதாங்கி
ஒத்துக்கொள்ள மாட்டேன். இவர்கள் பழக வேண்டியது உயரம் அல்ல, எடை. ஆள், வண்டி, மூட்டை சேர்த்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 7 சதவீத ஏற்றத்தில் சாதாரணமாக ஓட்டுகிறவருக்கு மணிக்கு 6 கிலோமீட்டர்தான் வரும். பல்சக்கரத்தில் முன்னால் 34 பல், பின்னால் 34 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 2.1 மீட்டர் நகரும். அதாவது நிமிடத்துக்கு 48 சுற்றுகூட வராது. அவ்வளவு மெதுவாக அழுத்தி மிதிப்பதில்தான் முழங்கால் போகிறது. முன்னால் 26, பின்னால் 36 இருந்தால் அதே வேகத்தில் 65 சுற்றுக்கு மேல் மிதிக்கலாம். வெறும் வண்டியில் ஸ்டெல்வியோ ஏறினால் இதில் ஒன்றும் தெரியாது.

கணவாய்க்காரன்
கியர் கணக்கை வீட்டில் உட்கார்ந்தே போட்டுவிடலாம் நண்பரே. மூன்று மணி நேரம் விடாமல் ஏறினால் மனசு என்ன செய்யும் என்பதை வீட்டில் கற்க முடியாது. நான் சொல்வது அதைத்தான்.

சுமைதாங்கி
சரி, இறக்கம்? பின் பைகளில் எல்லாவற்றையும் திணித்தால் 45 கிலோமீட்டர் வேகத்தில் கைப்பிடி ஆடத் தொடங்கும். கனமான சாமானைத் தாழ்வாக, முன்னும் பின்னும் பிரித்து வைக்கப் பழக வேண்டும். பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே இறங்கக் கூடாது, சூடேறிவிடும். வளைவுக்கு முன் இரண்டையும் நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, அப்புறம் விட்டுவிட வேண்டும். இதைக் கை தானாகச் செய்ய வேண்டுமென்றால் மூட்டையோடு இறங்கியே ஆக வேண்டும். தவிர, ஜூன் நடுவில் 2,700 மீட்டரில் பனி விழுவது சாதாரணம். மூன்றே நாள் கையில் இருக்கிறவர்கள் வானிலையை நம்பி அவ்வளவு மேலே போகலாமா?

லான்டெக்–மெரான் போங்கள். அந்த வழியில் மார்ட்டினாவிலிருந்து நவ்டர்ஸுக்கு ஏறும் 11 வளைவுகளே நல்ல பரீட்சை.

மலைவாசல்
சுமைதாங்கி சொல்வது சரி, ஆனால் இடம் தப்பு. ரெஷன் ஏரியில் மணிக்கூண்டு மட்டும் நீருக்கு மேலே நிற்கிறதே, 1950-ல் மூழ்கிய கிராமம், அதை முதல் தடவை பார்க்கும் பரவசத்தை ஒத்திகையில் ஏன் செலவழிக்க வேண்டும்? கிழக்கே ப்ரென்னர் கணவாய் இருக்கிறது. ஏறத் தொடங்கும் இன்ஸ்ப்ருக் நகரம் 574 மீட்டர், கணவாய் 1,370. இத்தாலிப் பக்கம் இறங்கினால் பல இடங்களில் பழைய ரயில் பாதையையே சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள். ஸ்டெர்ட்சிங், ப்ரிக்சன் வழியாக போல்சானோ. வழி நெடுக ரயில் கூடவே வரும். முழங்கால் வலித்தாலும் மழை பிடித்தாலும் அடுத்த நிலையத்தில் ஏறிக்கொள்ளலாம். முதல் பயணத்துக்கு இதைவிட வேறென்ன பாதுகாப்பு?

கணவாய்க்காரன்
ப்ரென்னரா? லாரி இரைச்சலும் மோட்டார் சைக்கிள் கூட்டமும்தான் மிச்சம் அக்கா. ஆல்ப்ஸை இப்படியா அறிமுகப்படுத்துவது?

மலைவாசல்
இன்ஸ்ப்ருக்கிலிருந்து கணவாய்க்குப் போகும் பழைய சாலையை விட்டுவிட்டு, கிழக்குச் சரிவில் போகும் எல்போகன் சாலையைப் பிடித்தால் மட்ரை ஊர் வரை நெரிசல் இல்லை. ஏறி இறங்கி ஏறும் சாலை. சில இடங்களில் நன்றாகவே செங்குத்து, கியரைச் சோதிக்க அதுவே போதும். மட்ரைக்கு மேல் பழைய சாலைதான், மறுக்கவில்லை. காலையில் சீக்கிரம் கிளம்பினால் கூட்டத்துக்கு முன் கணவாயில் இருக்கலாம். கோடையில் இடி மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும், அதற்கும் அதுவே நல்லது.

வடக்குமிதி
ப்ரென்னர் என்றே முடிவு செய்கிறோம், ஆகஸ்டில் கொண்டுபோகும் அதே மூட்டையோடு. என் வண்டியில் முன்னால் 34-தான். கிளம்பும் முன் கடைக்காரரிடம் சின்னப் பல்சக்கரம் போட முடியுமா என்று கேட்கிறேன்.

கணவாய்க்காரன்
எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. ஆனால் ஒன்று: ஆகஸ்டில் நீங்கள் ப்ராட்டோவைத் தொட்டுத்தான் போகிறீர்கள். அங்கே ஒரு நாள் கூடுதலாகத் தங்கி, மூட்டையை அறையில் வைத்துவிட்டு ஸ்டெல்வியோ ஏறுங்கள்.

சுமைதாங்கி
அதற்கு எனக்கும் மறுப்பில்லை. போல்சானோவிலிருந்து திரும்பும் ரயிலில் சைக்கிளுக்கு இடம் இப்போதே பதிவு செய்துவிடுங்கள். முனிச் போகும் நேரடி வண்டிகளில் அந்த இடங்கள்தான் முதலில் தீர்ந்துபோகும்.