நைஜர் - பிரான்ஸ்: தூதரகத்தை மூடினால் உறவே முறிந்ததாகுமா?

கேள்வி:
2023 ஆகஸ்ட் 25 அன்று பிரெஞ்சுத் தூதர் சில்வான் இத்தேவுக்கு நாட்டைவிட்டு வெளியேற நைஜர் ராணுவ ஆட்சி 48 மணி நேரக் கெடு விதித்தது. அவரோ செப்டம்பர் 27 வரை தலைநகர் நியாமேயிலேயே இருந்தார். எப்படி? அடுத்து தூதரகமும் மூடப்பட்டதே, உறவு முறிந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

பதில் 1:
ஒரு தூதரை வெளியேறச் சொல்லக் காரணமே காட்ட வேண்டாம். தூதரக உறவுகள் பற்றிய 1961 வியன்னா உடன்படிக்கையின் 9ஆவது பிரிவு அப்படி. ஆனால் பிரான்ஸுக்கு, ராணுவம் கவிழ்த்த பஸூம்தான் நைஜரின் சட்டப்படியான அதிபர்; "உத்தரவு போட இவர்கள் யார்?" என்று கேட்டது. கெடு தாண்டினால் தூதர் என்ற அந்தஸ்தை ஏற்க மறுக்கலாம். நைஜர் ஒருபடி மேலே போய் விலக்குரிமையையும் (கைது, வழக்கிலிருந்து தூதருக்குள்ள பாதுகாப்பு) விசாவையும் ரத்து செய்து, அவரை வெளியேற்றப் போலீஸுக்கு உத்தரவும் போட்டது. அங்கேதான் முட்டுக்கட்டை. 22ஆவது பிரிவுப்படி, தூதரகத் தலைவர் சம்மதிக்காமல் வளாகத்துக்குள் போலீஸ் கால் வைக்கக் கூடாது. அதனால் வெளியே காவல் போட்டு, உணவு உள்ளே போகாமல் தடுத்தார்கள். தூதர் ராணுவ ரேஷனில் காலம் தள்ளுகிறார் என்று பிரெஞ்சு அதிபர் மக்ரோனே சொன்னார்.

பதில் 2:
மூடுவது வேறு, முறிப்பது வேறு. நைஜருக்கான தன் தூதரகம் பாரிஸிலிருந்து இயங்கும் என்றே 2024 ஜனவரியில் பிரான்ஸ் அறிவித்தது. உண்மையான முறிவுக்கு மேற்கு ஆப்பிரிக்காவின் கினியைப் பாருங்கள்: பிரான்ஸுடன் 1965இல் அறுந்த உறவு 1975 ஜூலை 14 அன்றுதான் ஒட்டியது.

பதில் 3:
தூதரை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான். 2022 ஜனவரி இறுதியில் பக்கத்து நாடான மாலி, பிரெஞ்சுத் தூதர் வெளியேற 72 மணி நேரம் கொடுத்தபோது பிரான்ஸ் தன் தூதரைத் திருப்பி அழைத்துக்கொண்டது. நைஜரில் அடம்பிடிக்கக் காரணம், என் கணிப்பில், அங்கிருந்த சுமார் 1,500 பிரெஞ்சு வீரர்கள். ராணுவ ஒப்பந்தங்களை ரத்து செய்வதாக ஆகஸ்ட் 3 அன்றே நைஜர் அறிவித்துவிட்டது. தூதர் விஷயத்தில் பணிந்தால் அந்த அறிவிப்பையும் ஏற்றதாகிவிடும். கடைசியில் தூதர், படை இரண்டும் திரும்பும் என்று மக்ரோன் செப்டம்பர் 24 அன்று ஒரே மூச்சில் சொன்னார். கடைசி வீரர் கிளம்பியது டிசம்பர் 22.

பதில் 2, மீண்டும்:
இன்னொன்று. இத்தனைக்குப் பிறகும் நைஜரில் புழங்குவது, முன்னாள் பிரெஞ்சுக் காலனிகள் பலவற்றின் பொது நாணயமான சிஎஃப்ஏ பிராங்க்தான். 1 யூரோவுக்கு 655.957 என்ற நிலையான மதிப்பு. அதற்கு உத்தரவாதம் பிரெஞ்சுக் கருவூலம்.