ஏற்றிய ரத்தம் உடம்பில் எவ்வளவு காலம் இருக்கும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

ஈசூன் மகள்:
சிங்கப்பூரின் தீவு விரைவுச்சாலையில் அப்பாவின் மோட்டார் சைக்கிளை லாரி இடித்ததில் இடுப்பெலும்பு நொறுங்கி, மண்ணீரலும் போய்விட்டது. அன்று இரவு பை பையாக ரத்தம் ஏற்றினார்கள். இப்போது நன்றாக நடக்கிறார். ஆனால் அத்தைக்கு ஒரு சந்தேகம்: "அண்ணன் முன்னெல்லாம் கோப்பியைத் தொட மாட்டாரு, இப்போ தினமும் கோப்பி ஓ கேக்குறாரு. யாரு ரத்தமோ!" சிரித்துவிட்டேன். அப்புறம் யோசித்தால் கேள்வி நியாயமானதுதான். கொடுத்தவர்களின் அணுக்கள் இன்னும் அப்பாவுக்குள் இருக்குமா?

ஓய்வுபெற்ற தாதி:
கோப்பிப் பழக்கத்துக்கு ரத்தத்தைக் குறை சொல்ல முடியாதும்மா. சிவப்பணுவின் ஆயுள் மொத்தமே 120 நாள். பையில் இருப்பவற்றில் பல பாதி வயதைத் தாண்டியவை. மூன்று நான்கு மாதத்தில் எல்லாம் போய்விடும். அவற்றில் உட்கருவும் இல்லை, டிஎன்ஏவும் இல்லை.

விஷயம் வெள்ளையணுவில் இருக்கிறது. வடிகட்டினாலும் கொஞ்சம் கூடவே வரும். சாதாரண அறுவை சிகிச்சை நோயாளிகளிடம் அவை சில நாள் பெருகுவதுபோல் தெரிந்து, பிறகு மறைந்துவிடுகின்றன. அப்பாவைப் போலப் பலத்த காயம்பட்டு நிறைய ரத்தம் ஏற்றியவர்கள் கதை வேறு. சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வில், அப்படிப்பட்ட சிலரிடம் கொடுத்தவரின் வெள்ளையணுக்கள் ஒன்றரை ஆண்டு வரை இருந்தன. பிறகு வந்த ஆய்வுகளில் இன்னும் பல ஆண்டு தங்கியதையும் பார்த்தார்கள். பல பேர் ரத்தம் ஏறியிருந்தாலும் நிலைத்துத் தங்குவது பெரும்பாலும் ஒருவருடையதுதான். அதனால் நோய் வருகிறது என்று யாரும் நிரூபிக்கவில்லை. பிள்ளை பெற்ற தாய்மாரின் ரத்தத்தில் மகனின் அணுக்கள் 27 ஆண்டு கழித்தும் இருந்ததை 1996லேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். அத்தைக்கு ஆண் பிள்ளை இருந்தால் இதைச் சொல்லுங்கள்!

வார்டில் அடிக்கடி நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். "யாரோ ரத்தம் வேண்டாம், நான் மகன், என்னுடையதை ஏற்றுங்கள்" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு வருவார்கள். பாசம் புரிகிறது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் சொந்த ரத்தம்தான் அதிக ஆபத்து. உறவினரின் வெள்ளையணுவை உடம்பு அந்நியம் என்று அடையாளம் காணாமல் விட்டுவிடலாம். அது உள்ளே பெருகி நோயாளியின் உடம்பையே தாக்க ஆரம்பிக்கும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் பிழைப்பது மிகக் கடினம். அதற்காகத்தான் உறவினர் ரத்தத்துக்கும், எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்களுக்கான ரத்தத்துக்கும் முன்கூட்டியே கதிர்வீச்சு கொடுத்து வெள்ளையணு பெருகாமல் செய்கிறார்கள். பையில் அந்த ஒட்டுச்சீட்டைப் பார்த்துவிட்டு, "கதிர்வீச்சா? ஏற்றவே கூடாது" என்று ஒருவர் கட்டிலுக்குக் குறுக்கே நின்றுவிட்டார். ரத்தம் கதிர் வீசாது என்று புரிய வைப்பதற்குள் மருத்துவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

பிடோக் முருகன் பக்தன்:
எங்கள் வீட்டுக் கதை சர்க்கரை. குடல் புண்ணில் ரத்தம் போய் அப்பாவுக்கு ரத்தம் ஏற்றினார்கள். அடுத்த மாதம் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை வைத்துச் சொல்வார்களே, அதுதான் எச்பிஏ1சி, எடுத்தால் இதுவரை வராத அளவுக்கு நல்ல எண். அம்மா தெக்காவிலிருந்து குலாப் ஜாமூன் வாங்கி வந்துவிட்டார். பலதுறை மருந்தகத்தில் மருத்துவர் எண்ணைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், "சமீபத்தில் ரத்தம் ஏற்றினீர்களா?" என்று கேட்டார். பாதி சிவப்பணு வேறு யாருடையதோ, அவருடைய சர்க்கரைக் கணக்கும் சேர்ந்து வந்திருக்கிறது! விரலில் குத்திப் பார்த்தால் பழைய அப்பாதான்.

ஜூரோங் அண்ணன்:
ரத்தம் ஏற்றுவதையும் எலும்பு மஜ்ஜை மாற்றுவதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ரத்த அணுக்கள் உருவாகும் இடமே மஜ்ஜைதான். தம்பிக்கு நான் மஜ்ஜை கொடுத்தேன். அவன் பி பாசிட்டிவ், நான் ஓ பாசிட்டிவ். இப்போது அவனும் ஓ. ரத்தத்தில் டிஎன்ஏ எடுத்தால் என்னுடையது வரும், முடி வேரில் எடுத்தால் அவனுடையது. தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பணியில், கொடுத்த அடையாளத் தகட்டில் மட்டும் இன்னும் பி.

தலசீமியா அம்மா:
மகளுக்குத் தலசீமியா, ரத்தம் சரியாக உருவாகாத பரம்பரை நோய். அதனால் மாதாமாதம் ரத்தம் ஏற்றுகிறோம். எங்களுக்கு அணுக்கள் தங்குவதைவிட அவற்றைப் பற்றிய நினைவு தங்குவதுதான் தலைவலி. இங்கே ரத்தம் கொடுப்பவர்களில் சீனர்கள் அதிகம். மில்டன்பெர்கர் என்று ஒரு ரத்த வகை. சீனர்களில் சிலருக்கு உண்டு, நம்மவர்களுக்கு அபூர்வம். அப்படி ஒரு பை ஏறி, அந்த வகை அணுக்களைத் தாக்கும் எதிர்ப்பொருள் மகளுக்கு உருவாகிவிட்டது. அணுக்கள் எப்போதோ போய்விட்டன. எதிர்ப்பொருளும் நாளடைவில் குறைந்து சோதனையில் தெரியாமல் போகலாமாம், ஆனால் அதே வகை மறுபடி ஏறினால் உடம்பு உடனே பாய்ந்துவிடும். அதனால் அந்த விவரம் எழுதிய அட்டை எப்போதும் கைப்பையில் இருக்கும். புதிய மருத்துவமனை என்றால் அடையாள அட்டைக்கு முன்னால் அதைத்தான் எடுத்துக் கொடுப்போம்.