கூரைச் சோதனைப் பெட்டி: உள்வெப்பம் மாறவே இல்லை

வணக்கம். கட்டடக்கலை இரண்டாமாண்டு மாணவர்களுக்குக் கூரை வெப்பம் கற்பிக்க, திருச்சியில் மொட்டைமாடியில் மூன்று பெட்டிகள் வைத்திருக்கிறோம். 60 செ.மீ. நீள அகலம், 45 செ.மீ. உயரம், 12 மி.மீ. பிளைவுட் சுவர், மேலே 5 செ.மீ. கான்கிரீட் ஸ்லாப். ஒன்று வெறும் ஸ்லாப், ஒன்றில் சுண்ணாம்புப் பூச்சு, ஒன்றில் கவிழ்த்த மண்கலயங்கள். உள்காற்றின் வெப்பநிலையை அளக்க டிஎச்டி22 சென்சார், 10 நிமிடத்துக்கு ஒரு பதிவு, ஆறு நாளாக.

மதியம் 2 மணிக்கு ஸ்லாபின் அடிப்பகுதியை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் பார்த்தால் வெறும் ஸ்லாபுக்கும் கலயத்துக்கும் 6 டிகிரி வித்தியாசம். உள்காற்றிலோ அரை டிகிரிகூட இல்லை. உச்சமும் மூன்றிலும் ஒரே நேரம்.

சென்சார்களை இடம் மாற்றினோம், அதே கதை. இடுக்குகளை சிலிகான் வைத்து அடைத்தோம். சுவருக்கு வெளியே வெள்ளை பெயின்ட், உள்ளே 25 மி.மீ. தெர்மாகோல், சென்சாருக்கு அலுமினியத் தாள் மறைப்பு, எல்லாம் செய்தாயிற்று. கூரையைவிடச் சுவர்ப் பரப்பு மூன்று மடங்கு. வெப்பம் அந்த வழியாகத்தான் வருகிறது என்பது என் ஊகம். இப்படியே விட்டால் கூரை எதுவானாலும் ஒன்றுதான் என்று பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். அதுதான் கவலை.

பெட்டியின் அளவை மாற்றாமல், கூரையின் வேறுபாடு உள்காற்றில் தெரியச் சுவரை என்ன செய்ய வேண்டும்?