மறு: எரிபொருட்கலம் – இதற்குள் எது எரிகிறது?

எல்லோருக்கும் வணக்கம். உயர்தர இரசாயனக் கைந்நூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும், இன்னும் fuel cell என்பதற்கு, அதாவது ஐதரசனையும் ஒட்சிசனையும் கொண்டு மின்னைத் தரும் கலத்துக்கு, தமிழில் என்ன பெயர் போடுவது என்ற இந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறோம்.

> எரிபொருட்கலம் என்றால் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும், ஏன் குழப்புவான்?

அண்ணை, பிழையாக விளங்குகிறதே, அதுதான் சிக்கல். போன கிழமை வகுப்பில் உள்ளங்கையளவு மாதிரிக் கலம் ஒன்றால் சின்ன விசிறியைச் சுழலவைத்துக் காட்டினேன். முன்வாங்குப் பிள்ளை ஒருத்தி குனிந்து பார்த்துவிட்டு, "சேர், நெருப்பு எங்கை?" என்றாள். 2022 தட்டுப்பாட்டின்போது எரிபொருள் வரிசையில் தகப்பனோடு நின்ற பிள்ளை, அவளுக்கு அந்தச் சொல் பெற்றோலும் மண்ணெண்ணெயும்தான். இங்கே அனோட்டு என்ற ஒரு பக்க மின்வாயில் ஐதரசன் இலத்திரனை விடுகிறது, மிஞ்சும் புரோத்தன் நடுவிலுள்ள மென்சவ்வுக்குள்ளால் மறுபக்க மின்வாயான கதோட்டுக்குப் போகிறது, இலத்திரனுக்கு அந்த வழி இல்லாததால் வெளிச்சுற்றால் சுற்றிப்போகிறது, போகிற வழியில் விசிறியைச் சுழற்றுகிறது, கடைசியில் எல்லாம் ஒட்சிசனோடு சேர்ந்து தண்ணீர். குழாய் நுனியில் நின்ற துளியைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் அவள் நம்பினாள்.

> எரிமக்கலம் தூய தமிழ்.

சரி ஐயா, ஆனால் அதிலும் எரி போகவில்லையே. 1839இல் இதை முதலில் செய்துகாட்டிய வில்லியம் குரோவ்கூட வாயு மின்கலம் என்ற பொருளில்தான் பெயர் வைத்தார், எரிபொருள் பிறகு வந்து ஒட்டியது. தூய்மின்கலம் என்று தங்கச்சி எழுதியதும் ஒத்துவராது. ஐதரசனில் பெரும்பகுதியை இப்போதும் இயற்கை வாயுவில் இருந்துதான் எடுக்கிறார்கள், காபனீரொட்சைட்டு அங்கே வெளியேறிவிடுகிறது. தூய்மை ஐதரசன் வந்த வழியைப் பொறுத்தது.

என் சொல் ஊட்டுகலம். சாதாரண மின்கலம் தன் இரையை வயிற்றுக்குள் வைத்திருக்கிறது, முடிந்தால் முடிந்ததுதான். இது ஊட்ட ஊட்ட மின்னைத் தரும். வினைத்தொகை என்பதால் இடையில் க் போடவேண்டாம். நம் ஊர்ப் பேச்சுப்படி தீற்றுகலம் என்றாலும் எனக்குச் சந்தோசம். பிள்ளைக்குச் சோறு தீத்துகிறோமே, அந்தத் தீற்றுதான். அதில் தீ ஒளிந்திருக்கிறது என்று நேற்று எழுதியவருக்கு: இல்லை, தின், தீன், தீற்று என்று வருவது, நெருப்போடு உறவே கிடையாது.

ஆறு பேர் எரிபொருட்கலத்துக்கு, நானும் இன்னொருவரும் ஊட்டுகலத்துக்கு. பெரும்பான்மைப்படியே அனுப்புகிறேன். ஆனால் முதற் பந்தியில் "இக்கலத்தினுள் எதுவும் எரிவதில்லை" என்று ஒரு வரி போட்டிருக்கிறேன், ஒப்புநோக்குபவர் தயவுசெய்து அதை வெட்டவேண்டாம்.